போத்தலோடு நின்றவன் கீறிய பாஸ்கள்

என்னைத் தண்ணீர்ப் போத்தல்காரன் ஆக்கியது நீங்கள்தான். அந்த நாளில் கிளப் செயலாளராக இருந்த உங்களைத்தான் சொல்கிறேன். பெயரைச் சொல்லி மானத்தை வாங்க விருப்பமில்லை. குழுப் படத்தின் கீழே எல்லோருடைய பெயரையும் பொறுப்பையும் ஒரு தாளில் தட்டச்சு அடித்து ஒட்டினீர்கள். என் பெயருக்கு நேரே 'தண்ணீர்'. எறிந்தவனுக்கும் பிடித்தவனுக்கும் கைதட்டு விழும், எங்கே எறிவதென்று மண்டையை உடைத்தவனை ஒருவரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். பாஸ் திட்டம், அதாவது யார் எங்கே ஓட பந்து எங்கே போகுமென்று கோடு கீறுகிற வேலை, இவ்வளவுதான். பின்னால் நின்று மாய்ந்து பேர் கிடைக்காத சகபாடிகளே, உங்களுக்கு இது புதிதா?

எண்பதுகளின் நடுப்பகுதி. தொலைக்காட்சியைப் பார்த்துப் பார்த்து லண்டனுக்கே அமெரிக்கன் ஃபுட்போல் பைத்தியம் பிடித்திருந்தது. காலால் உதைக்கிற ஆட்டமல்ல, கையால் எறிந்து பிடித்து எல்லைக்கோடு வரை ஓடுகிற ஆட்டம். எங்கள் கிளப்பில் எறிபவன் டெரி, பஸ் மெக்கானிக். ஓடிப் பிடிப்பவன் சிவநேசன், பெற்றோல் ஸ்டேஷனில் ஷிப்ட். நான் கிழக்கு லண்டன் பிளேஸ்டோவில் மரக்கறிக் கடை. எட்டாம் வகுப்போடு படிப்புக்குக் கும்பிடு போட்டவன்.

குறுக்கே போன மனுசிமார்

எதிரணி ஆளுக்கு ஆள் காவல் போட்டால், சிவநேசன் எங்கே ஓடினாலும் ஒருத்தன் ஒட்டிக்கொண்டு வருவான். அதை உடைக்க வழி தெரியாமல் இரண்டு கிழமை எரிந்து விழுந்துகொண்டு திரிந்தேன். ஒரு சனிக்கிழமை கடையில் ஒரு மனுசி வெண்டிக்காயிலிருந்து கத்தரிக்காய்க்குப் போனா. இன்னொருத்தி கத்தரிக்காயிலிருந்து வெண்டிக்காய்க்கு வந்தா. பின்னால் பையோடு போன புருசன்மார் இரண்டு பேரும் நடுவில் முட்டிக்கொண்டு "சொறி, சொறி" என்று நின்றார்கள். மனுசிமார் எப்பவோ போய்விட்டார்கள்!

எனக்குப் பளிச்சென்றது. தக்காளிப் பெட்டியின் மட்டையைக் கிழித்து, இருவர் குறுக்கே ஓட, அவர்களின் காவல்காரர் முட்டிக்கொள்வதுபோலக் கோடு கீறத் தொடங்கினேன். முன்னால் நின்ற அம்மா பொறுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னா: "தம்பி, படம் கீறினது காணும், பாவக்காயை நிறும்."

ஜாக்கெட்டும் சப்பாத்தும்

இடக் காவல் வேறு விதம். அவனவன் தன் இடத்தில் நின்றபடி எறிபவனின் கண்ணைப் பார்ப்பான். டெரியின் கண்ணோ எறியப்போகிற பக்கத்திலேயே பசை போட்டு ஒட்டிவிடும். ஒரே ஆட்டத்தில் மூன்று பந்தை எதிரணி பிடித்தது. கத்தினேன், தொப்பியை நிலத்தில் அடித்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

அடுத்த நாள் அவனைப் பழைய சாமான் சந்தைக்கு இழுத்துப் போனேன். ஒரு தோல் ஜாக்கெட்டை வாய் பிளந்து பார்த்தான். கடைக்காரன் விலையை ஏற்றினான். ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பக் கூட்டிவந்து, "இப்ப சப்பாத்தை மட்டும் பார்" என்றேன். கடைக்காரன் தானாகவே ஜாக்கெட்டைத் தூக்கிக் காட்டி விலையில் இறங்கி வந்தான். அடுத்த ஞாயிறு டெரி இடப்பக்கத்தை உற்றுப் பார்க்க, காவல்காரர் அங்கே சரிய, வலப்பக்க ஓட்டைக்குள் பந்து போனது. ஓடிவந்து என் முதுகில் அறைந்தான்: "ராஜா, அந்த ஜாக்கெட்டைப் பார்க்காமல் நின்றதைவிட இது சுகம்!"

சிவநேசன் செய்த காரியம்

இடக் காவலைச் சிவநேசனுக்கு, ஊரில் நிலத்தில் கோடு கீறி விளையாடிய கிளித்தட்டை வைத்து விளக்கினேன். கோட்டில் நிற்பவன் கோட்டை விட்டு வரமாட்டான், இரண்டு பேருக்கும் நடுவில் நுழை என்றேன். நுழைந்தான், பிடித்தான், கடைசிக் காவல்காரனையும் தாண்டினான். எல்லைக்கோட்டுக்கு இன்னும் நாலு அடி. பெடியன் சடாரென்று திரும்பி எங்களை நோக்கி ஓடி வந்தான்! மூன்று பேர் அவன்மேல் விழுந்தார்கள். ஆட்டம் போச்சு.

பயிற்சியாளர் நான் பாஸ் கீறிய மட்டைகளைப் பறித்து, கையில் தண்ணீர்ப் போத்தலைத் தந்து ஓரத்தில் நிறுத்தினார். சிவநேசன் மண்ணைத் தட்டிக்கொண்டு வந்தான்: "அண்ணை, கிளித்தட்டிலை திரும்பி வந்தாத்தானே வெற்றி?"

நடந்து பார்த்தல்

பருவத்தின் கடைசி ஆட்டம். தோற்றால் கீழ்ப் பிரிவு. எதிரணி ஆளுக்கு ஆள் நிற்பதுபோல நிற்கும், பந்து கிளம்பினால் இடக் காவலாக மாறிவிடும். டெரி குழம்பிப்போனான். என்னால் பொறுக்க ஏலவில்லை. சந்தையில் பேரம் படியாவிட்டால் நான் கடையை விட்டு நடப்பேன். கடைக்காரன் பின்னால் வந்தால் விலை குறையும், வராவிட்டால் அதுதான் விலை. போத்தலோடு கோட்டடிக்குப் போய்க் கத்தினேன்: "சிவநேசன், தொடங்க முதல் குறுக்கே நட! எவனும் பின்னாலை வாறானோ பார்!"

நடந்தான். ஒருவனும் அசையவில்லை. அப்படியென்றால் இடக் காவல். டெரி ஓட்டையில் போட்டான், சிவநேசன் பிடித்தான், வென்றோம். பயிற்சியாளர் வந்து கையைக் குலுக்கினார்: "அடுத்த பருவம் பாஸ் எல்லாம் உன் பொறுப்பு."

அன்றைக்கே படம் எடுத்தோம். நீங்கள் என் கையைப் பார்த்தீர்கள், போத்தலைப் பார்த்தீர்கள், 'தண்ணீர்' என்று அடித்தீர்கள். அடுத்த ஆறு பருவமும் பாஸ்களைக் கீறியவன் நான்தான், ஆனால் கிளப் மண்டபச் சுவரில் இன்றைக்கும் தண்ணீர்தான்.

இப்போது மண்டபத்துக்குப் பெயின்ட் அடிக்கப் படத்தைக் கழற்றி, உடைந்த கண்ணாடியையும் மாற்றப்போகிறார்களாம், டெரி சொன்னான். ஆகவே ஐயா, கண்ணாடி பூட்ட முதல் அந்தத் தாளைத் திருத்தி, என் பெயருக்கு நேரே 'பாஸ் திட்டம்' என்று போடுங்கள். எழுத்து எவ்வளவு சின்னதாய் இருந்தாலும் சம்மதம், அதுதான் என் கடைசி விலை, அதுக்குக் கீழே நான் இறங்கமாட்டேன்.