மீன்கொத்திக்குக் கார், நைனாவுக்குப் பஸ்

எங்கள் முதலாளி வீட்டுப் புதுக் கண்ணாடி ஜன்னல் பறவைகளைக் கொல்கிறது. எதிரே நிற்கும் மாமரம் அப்படியே அதில் தெரிவதால், பறந்து வந்து மோதிச் சாகின்றன.

இன்று காலை மோதிய மீன்கொத்தி சாகவில்லை. சத்தம் கேட்டு, தறியை நிறுத்திவிட்டு ஓடினேன். முதலாளி அதைத் துண்டில் ஏந்தியபடி டிரைவரைக் கூப்பிட்டார்.

"வண்டிய எடு, திருப்பதி ஆஸ்பத்திரிக்கு போலாம். ஏசிய கம்மியா வை, பாவம் நடுங்கிக்கினு கீது."

"சீட்டு பெல்ட்டும் போட்ருங்க மொதலாளி" என்றேன்.

"உனக்கு எல்லாமே கிண்டலு. போய் தறிய ஓட்டு."

எனக்கு அந்தப் பறவை மேல் பொறாமை. போன மாதம் இவர் பட்டறையில் தறியில் நூல் கொண்டு ஓடும் நாடாக் கட்டை தெறித்து என் நைனாவின் கண்ணில் அடித்தபோது, இதே கார் வாசலில்தான் நின்றது.

"ரத்தம் பட்டா சீட்டு பாழாப்பூடும். பஸ்ல இட்டுக்கினு போ" என்றார்.

நகரியிலிருந்து புத்தூர் ஆஸ்பத்திரிக்கு, கண்ணைப் பொத்திக்கொண்டு நைனா நின்றபடியே வந்தார்.

மாலையில் முதலாளி ஃபேஸ்புக்கில் பறவையின் படத்தைப் போட்டிருந்தார். கீழே ஒரே கும்பிடு. நானும் எழுதினேன்: "நாளைக்கு நைனாவுக்குத் திருப்பதியில கண் ஆபரேஷன். காரை அனுப்புங்க."

எனக்கு மேலேயும் கீழேயும் எழுதியவர்களுக்கெல்லாம் நன்றி சொல்லிவிட்டார்.

அதனால் இங்கே, என் பக்கத்திலேயே கேட்கிறேன். கார் எத்தனை மணிக்கு வரும், மொதலாளி?