எட்டு மைக்ரான்

அமுதவல்லி அக்கான்னா எனக்கு மொதல்ல அதோட நோவெடுக்கற முழங்காலுதான் ஞாபகம் வரும். மஞ்சக்குட்டையில விடியக்காலம் எந்திரிச்சு, சோறாக்கி வெச்சுட்டு, ஏற்காடு வந்து பஸ் மாறி, பாதி நாளு நின்னுக்கிட்டேதான் மலை எறங்கும். நான் அடிவாரத்துல ஏறுவேன். கம்பியோட சேத்து என் தோளையும் புடிச்சுக்கும். இருபத்தாறு வருசமா அக்காவுக்கு இதே பொழப்பு.

சேலத்துல ஒரு லேப்புல நாங்க ரெண்டு பேரும் வேலை. நான் மலர், ரிப்போர்ட் டைப் அடிக்கறவ. நோயாளி உடம்புல இருந்து எடுத்த சதைத் துணுக்கை மெழுகுக் கட்டியில பதிச்சு, மெஷின்ல சீவி, சாயம் ஏத்தறது அக்கா வேலை. அது மாதிரி மெலிசாச் சீவ எங்க லேப்புல ஆள் கிடையாது. டாக்டர் பாலகுமாரே வெளியூர் டாக்டருங்களைக் கூட்டியாந்து காட்டுவாரு. அக்காவுக்கு அதுல கொஞ்சம் கர்வந்தான், இருக்கட்டுமே, வேற என்ன கண்டுச்சு அது?

அந்த மெலிசுதான் வினையாப் போச்சு.

கொட்டச்சேட்டுக்காரரு சின்னராஜ்னு ஒரு வெவசாயி, காலு ரெண்டும் வீங்கி வந்தாரு. அமிலாய்டுங்கற கெட்ட புரதம் கிட்னியில படிஞ்சிருக்கான்னு பாக்கணும். காங்கோ ரெட் சாயம் ஏத்தி, மைக்ராஸ்கோப்புல வெளிச்சத்தை வடிகட்டற ரெண்டு போலராய்டு கண்ணாடிக்கு நடுவுல வெச்சு ஒண்ணைத் திருப்புனா, மத்ததெல்லாம் இருட்டாயிரும். புரதம் இருக்கற எடம் மட்டும் பச்சையா மின்னும். அன்னிக்கு மின்னல. பக்கத்துல ஒப்பிட வெச்சிருந்த பழைய ஸ்லைடு நல்லாவே மின்னுச்சு, அதனால ஆருக்கும் சந்தேகம் வரல. அமிலாய்டு இல்லைன்னு நான்தான் டைப் அடிச்சேன்.

ரெண்டு மாசம் கழிச்சு பஸ்ஸுல அவரு சம்சாரம் குப்பாயி, அமுதவல்லி அக்காவுக்குப் பக்கத்துல வந்து உக்காந்துச்சு. வேற நோவுன்னு நெனச்சுக் குடுத்த மாத்திரை கேக்கவே இல்லையாம். நாக்குத் தடிச்சு சோறு எறங்கலையாம், கண்ணைச் சுத்திக் கன்னிப்போச்சாம். ரெண்டும் அமிலாய்டுக்கே உண்டான அடையாளம். அதைக் கேட்டதுல இருந்து அமுதவல்லி அக்கா மொகம் செத்துப்போச்சு. லேப்புக்குள்ள போனதும் சாப்பாட்டுப் பையக்கூட வெக்காம ஸ்டோர்ல சின்னராஜோட மெழுகுக் கட்டியத் தேடி எடுத்துச்சு.

கிட்னித் துணுக்கை எப்பவும் மூணு மைக்ரான்ல சீவும்; மைக்ரான்னா மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு. காங்கோ ரெட்டுக்கு மட்டும் மெஷின்ல தடிமன் வெக்கற திருகாணிய எட்டுக்கு மாத்தணும். மெலிசா இருந்தா சாயம் இருந்தும் பச்சை தெரியாது. ஒப்பிட வெச்சிருந்த ஸ்லைடு என்னைக்கோ தடிமனா வெட்டி வெச்சது, அதான் மின்னியிருக்கு. அன்னிக்கு நாப்பது கட்டி. அசதியில திருகாணிய மாத்தாம எல்லாத்தையும் ஒரே கையா அழகாச் சீவித் தள்ளிருச்சு. இப்ப எட்டுல வெச்சுச் சீவி, சாயம் ஏத்தி, டாக்டர் கண்ணாடியத் திருப்புனாரு. கொய்யாக்காய்ப் பச்சையில அங்கங்க மின்னுச்சு.

பாக்கச் சொன்னாரு, பாத்தேன்.

கூடுதல் பரிசோதனைன்னு ரிப்போர்ட் குடுத்தாப் போதும், மெலிசா வெட்டுனது பத்தி எழுத வேண்டாம்னாரு டாக்டர். நானும் அதையேதான் சொன்னேன். ஒரு வாரம் தூங்காம கெடந்துட்டு, அக்கா பஸ்ஸுல குப்பாயிகிட்டச் சொல்லிப்புடுச்சு. கேட்டுக்கிட்டு நின்ன எனக்குக் கோவம் கோவமா வந்துச்சு.

“ஏனுங்க குப்பாயி, அன்னிக்கு மெலிசா வெட்டிப்போட்டது நாந்தானுங்க. அதனாலதான் நோவு தெரியாமப் போச்சு.”

குப்பாயி மடியில இருந்த மஞ்சப்பையச் சுருட்டிப் புடிச்சுச்சு. “ரெண்டு மாசம் போச்சு, அம்மணி,” அப்படின்னுச்சு. எந்திரிச்சுப் போய் டிரைவர் பக்கத்துல நின்னுக்கிச்சு. சேலம் வரைக்கும் திரும்பல. அதுக்கப்பறம் பஸ்ஸுல எடம் காலியா இருந்தாலும் அக்கா பக்கத்துல உக்காரல.

சின்னராஜுக்குச் சரியான வைத்தியம் ஆரம்பிச்சாங்க. நடக்க முடியல, ஆனா உசுரோட இருக்காரு. அக்கா வேலைய உட்டுர்றேன்னு மூணு தடவை எழுதிக் குடுத்துச்சு, டாக்டர் மூணையும் கிழிச்சுப் போட்டாரு.

போன மாசம் நோவு இன்னும் எங்கெங்க பரவியிருக்குன்னு பாக்க, அவரு எலும்புல இருந்து ஒரு துணுக்கு எடுத்தாங்க. குப்பாயி டப்பாவோட கவுண்ட்டருக்கு வந்துச்சு. புதுசா ஒரு பையன் சேந்திருக்கான், நல்லா வெட்டுவான், அவன்கிட்டக் குடுக்கறேன்னு நானாச் சொன்னேன்.

“வேற ஆரும் வேண்டாம். அந்த அம்மணியே வெட்டட்டும்.”

உள்ள போய் அக்காகிட்டச் சொன்னேன். ஸ்டூல்ல உக்காந்து முழங்காலைப் புடிச்சுக்கிட்டு நொம்ப நேரம் அழுதுச்சு. அப்பறம் மொகம் கழுவிட்டு மெஷின் முன்னாடி நின்னு, திருகாணியத் திருப்பி, நம்பரைப் படிக்கச் சொல்லி என்னையக் கூப்புட்டுச்சு.

எட்டுன்னேன்.

“இன்னொருக்காப் பாரு மலரு.”

மறுபடியும் குனிஞ்சு பாத்து எட்டுன்னு சொன்னேன்.