மரியாதையான நோய்

என் நெஞ்சிலிருந்து உறிஞ்சி எடுத்த நீர் பால் ஊற்றாத தேநீரின், எங்கள் ஊர் தே ஓவின், நிறத்தில் இருந்தது. மலாக்காவில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் இந்த மாதிரி நீரைத்தான் அரை ஆயுளாகப் பார்த்துவருகிறேன். நுரையீரலைச் சுற்றியோ வயிற்றுக்குள்ளோ நீர் கோத்துக்கொண்டால் அதைப் புட்டியில் பிடித்து எங்களுக்கு அனுப்புவார்கள். அதை எந்திரத்தில் சுழற்றி, அடியில் தங்கும் வண்டலை ஸ்லைடில் தடவி, சாயம் ஏற்றி, புற்றுநோய்ச் செல் இருக்கிறதா என்று முதலில் தேடுவது என் வேலை. கடைசி வார்த்தை டாக்டருடையது. டாக்டர் பார்ப்பதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிடும் என்பது என் நினைப்பு. அந்த நினைப்புக்கு மட்டும் என்னிடம் ஒருநாளும் குறைச்சலில்லை.

சொந்தக்காரர்களின் ஸ்லைடையே நாங்கள் பார்க்கக் கூடாது. சொந்த ஸ்லைடைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுப்பவளே நான்தான். மூச்சு வாங்குகிறது என்று போய் நீர் எடுத்துக்கொண்ட மறுநாளே வேலைக்கு வந்துவிட்டேன். லீவு போடச் சொன்ன கணவரிடம், "நான் இல்லாட்டி அங்க ஒரு வேலையும் நடக்காதுங்க" என்றேன். எல்லோரும் சாப்பிடப் போனதும் என் ஸ்லைடை எடுத்து மைக்ரோஸ்கோப்பில் வைத்தேன். உண்மையில் அந்த ஒரு வேலைக்காகத்தான் போயிருந்தேன்.

கடுகைக் கொட்டியதுபோல் ஸ்லைடு முழுக்க லிம்போசைட். சின்னச் சின்ன வெள்ளணுக்கள், எல்லாம் ஒரே மாதிரி. நெஞ்சு நீரில் இப்படித் தெரிந்தால் முக்கியமாக இரண்டைச் சந்தேகிக்க வேண்டும். ஒன்று டிபி, அதாவது காசநோய். இன்னொன்று லிம்போமா, அந்த வெள்ளணுக்களையே பிடிக்கும் புற்றுநோய். இதே ஸ்லைடு வேறு யாருடையதாகவாவது இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு "டிபி இருக்கிறதா பார்க்கவும்" என்று எழுதியிருப்பேன். தோட்டத்து ஆள் என்றால் கேட்கவே வேண்டாம்.

ஆனால் இது என் நெஞ்சு. நாங்கள் யாழ்ப்பாண வழி. தாத்தா ரயில்வேயில் கிராணி, அதாவது குமாஸ்தா; அப்பா பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியர். எங்கள் குடும்பத்துக்கு வரும் நோய்கள் சர்க்கரை, பிரஷர், மிஞ்சிப்போனால் ஹார்ட். டிபி என்பது தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடுகளில் வருவது என்று சின்ன வயதில் காதில் ஏறியது, இத்தனை படித்தும் இறங்கவில்லை. அதனால் ஒரே நிமிடத்தில் எனக்கு நானே புற்றுநோய் என்று தீர்ப்பு எழுதிவிட்டேன். பயந்தேன், அது உண்மைதான். ஆனால் டிபி என்ற வார்த்தை ஒருமுறைகூட மனதில் எட்டிப் பார்க்கவில்லை.

ரிப்போர்ட் வரும்வரை யார் காத்திருப்பது? வீட்டில் சொன்னேன். செங் பகுதியில் ஒரு தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகும் என் கணவர் அன்று முதல் ஓவர்டைமை விட்டுவிட்டு நேரத்தோடு வீட்டுக்கு வந்தார். மகள் தினமும் வேலை முடிந்து குருபோங்கிலிருந்து பாச்சாங்கில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு சூப் கொண்டுவந்தாள். சர்ச் பெண்கள் பிஸ்கட் டின்னோடு வந்து என் கையைப் பிடித்து ஜெபம் செய்தார்கள். நான் தலையணையில் சாய்ந்துகொண்டு, "எல்லாம் ஆண்டவர் சித்தம்" என்றேன். அந்தக் குரல் எனக்கே பிடித்திருந்தது. மரண அறிவித்தலுக்குப் போட்டோகூடத் தேர்ந்தெடுத்து வைத்தேன், இளைத்துத் தெரியும் ஒன்றாக.

பிறகு எங்கள் கூடத்து டாக்டர் தன் அறைக்குக் கூப்பிட்டார். என்னைவிட ரொம்பச் சின்னவர்.

"அக்கா, கேன்சர் இல்ல."

"நல்லாப் பாத்தீங்களா டாக்டர்? எல்லாம் ஒரே மாதிரி செல்லுதானே?" என்றேன். எனக்குப் புற்றுநோய்தான் என்று நானே வாதாடிக்கொண்டிருந்தேன்.

"அதுக்குத்தான் வேற சாயம் போட்டுப் பாத்தோம். நீங்க எப்பப் பாத்தீங்க?"

நான் மேசையில் இருந்த ஸ்லைடு தட்டை நேராக்கி வைத்தேன். டாக்டர் பொறுமையாக விளக்கினார். லிம்போமா என்றால் அத்தனையும் ஒரே செல் பெற்ற பிள்ளைகள், அந்தச் சாயத்தில் ஒரே வகையாகத்தான் தெரியும். என்னுடையவை பல வகை கலந்தவை, கிருமியோடு சண்டை போட வந்த கூட்டம். நீரில் செய்த மற்றச் சோதனைகளும் நுரையீரலின் உறையில் டிபி என்றே காட்டின. சளியில் கிருமி இல்லை. ஆறு மாதம் மாத்திரை சாப்பிட வேண்டும். வீட்டில் பழகுகிறவர்களையும் ஒருமுறை சோதித்துவிட வேண்டும். இதையெல்லாம் நானே பாடமாக நடத்தியிருக்கிறேன்.

கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். பிழைத்துவிட்டேன் என்ற சந்தோஷம் தாங்க முடியவில்லை. முகம் கழுவும்போதே சர்ச் பெண்களின் ஞாபகம் வந்துவிட்டது. புற்றுநோய் என்று ஊரைக் கூட்டிவிட்டு இப்போது டிபி என்று எந்த முகத்தோடு சொல்வது?

சாயங்காலம் மகள் வழக்கம்போல் சூப் பாத்திரத்தோடு வந்தாள். அவளையும் சோதிக்க வேண்டும் என்பதால் மறைக்க வழியில்லை.

"கேன்சர் இல்லம்மா. டிபிதான். மாத்திரை போட்டா சரியாயிடும்" என்றேன். அவள் வாயைத் திறப்பதற்குள், "ஆனா வெளிய மூச்சு விடாத. யாராச்சும் கேட்டா, இன்னும் ரிப்போர்ட் வரலன்னு சொல்லிடு" என்று சேர்த்துக்கொண்டேன்.

பாத்திரத்தை மேசையில் வைக்கக்கூட மறந்து நின்றாள். கண் நிறைந்துவிட்டது.

"டெய்லி கார்ல அழுதுகிட்டேதாம்மா வந்தேன். ஆபீஸ்ல எல்லாருக்கும் தெரியும். இப்ப எங்கம்மா சாகப் போறதில்லன்னு நான் யார்கிட்டயும் சொல்லக் கூடாதா?"

நான் போனை எடுத்தேன். சர்ச் பெண்களின் வாட்சப் குழுவில், "எனக்குப் புற்றுநோய் இல்லை, டிபி" என்று எழுதினேன். அனுப்புவதற்கு முன் டிபிக்கு முன்னால் 'லேசான' என்று ஒரு வார்த்தையைச் செருகினேன்.

மகள் எட்டிப் பார்த்தாள். போனை வாங்கி, அந்த வார்த்தையை அழித்துவிட்டு அனுப்பினாள்.