பின்னால் வரும் ஜீப்புக்கு ஒரு பிரேக்

லோர்னா ஹாக்ஸ்ட்ரா அயோவா மாநிலத்தின் வடமேற்கு மூலையில் முப்பத்தோரு ஆண்டுகள் பள்ளிப் பேருந்து ஓட்டியவர். காலையில் சாவியைத் திருப்புவதற்கு முன் வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்து, டயர், விளக்கு, கதவு, கண்ணாடி என ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்துப் பச்சை அட்டை நோட்டுப் புத்தகத்தில் குறித்த பிறகே இருக்கையில் ஏறுவார். ஓய்வு பெற்ற நாளில் பேருந்தைத் திருப்பிக் கொடுத்தார். நோட்டுப் பழக்கத்தைக் கொடுக்கவில்லை.

அவரும் கணவர் டுவைட்டும் வீட்டை விற்றுவிட்டு, கட்டில், அடுப்பு, குளியலறை எல்லாம் உள்ளே அடங்கிய முப்பத்தெட்டு அடி நீள வீட்டுவண்டி ஒன்றை வாங்கினார்கள். குளிர்காலம் அரிசோனாவில், கோடை எங்கே வேலை கிடைக்கிறதோ அங்கே. வீட்டுவண்டியின் பின்னால் ஒரு சிவப்பு ஜீப், நான்கு சக்கரங்களும் தரையில் உருள, இரும்புக் கம்பியில் பூட்டப்பட்டு வரும். ஆறு ஆண்டுகள் டுவைட்தான் ஓட்டினார். சென்ற இலையுதிர் காலத்தில் அவருடைய பார்வையின் நடுப்பகுதி மங்கியது. ஓரப் பார்வையில் ஆட்களையும் மரங்களையும் அடையாளம் காண்பார். எழுத்தும் வேகமானியின் முள்ளும் தெரியாது. மருத்துவர் ஓட்டுநர் உரிமத்தைத் திருப்பித் தரச் சொன்ன மறுநாள் லோர்னா ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தார். ஜீப்பைப் பூட்டுவதும் கழற்றுவதும் டுவைட்டின் வேலையாயின.

அந்த ஏற்பாடு குளிர்காலம் முழுவதும் நன்றாகவே நடந்தது. மார்ச் மாதம் கொலராடோவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. மலைக்காட்டு முகாம் ஒன்றில் கோடை முழுவதும் பொறுப்பாளர்களாக இருக்க வேண்டும். கணவன் மனைவி இருவரும் சேர்ந்தே செய்ய வேண்டிய வேலை. ரோந்து சுற்றச் சொந்தக் கார் அவசியம். டுவைட் மூன்று ஆண்டுகளாக விண்ணப்பித்துக் காத்திருந்த இடம் அது. அங்கே போக ஒரு கணவாயைக் கடந்து எட்டு மைல் தூரம் செங்குத்தான சரிவில் இறங்க வேண்டும். கடிதத்தை உரக்கப் படித்து முடித்த லோர்னா, நோட்டை எடுத்து, "ஆளில்லாமல் பின்னால் வரும் ஜீப்புக்குத் தனி பிரேக்" என்று முதல் வரி எழுதினார்.

"ஆறு வருஷம் பிரேக் இல்லாமத்தானே இழுத்தேன்," என்றார் டுவைட். "நம்ம வண்டி பதினாலு டன். அதுக்கு அந்த ஜீப் ஒரு கொசு."

"ரெண்டு டன் கொசு. இறக்கத்துல அது பின்னாலேர்ந்து தள்ளினா எந்தப் பக்கம் பறப்போம்னு யோசிச்சியா?"

"நீ பஸ்லயும் இப்படித்தான் பயந்தியா?"

"பஸ்ல எனக்குப் பின்னால ஜீப் இல்ல. அறுபது பசங்க இருந்தாங்க. அதுங்க தள்ளினா நான் திட்டி அடக்கிடுவேன்."

அரிசோனாவில் அவர்கள் தங்கியிருந்த, வீட்டுவண்டிகளை நிறுத்தி வசிக்கும் பூங்காவில் தினமும் மாலை நான்கு மணிக்கு ஒரு கூட்டம் கூடும். நாற்காலியும் பானமும் அவரவர் கொண்டுவர வேண்டும். கருத்தை மட்டும் எல்லாருக்கும் பங்கிடலாம். லோர்னா பிரேக் பேச்சை எடுத்ததும் கருத்து வெள்ளமாய் வந்தது. சாரத்தை மட்டும் அவர் குறித்துக்கொண்டார். முதல் வகை, காரின் ஓட்டுநர் இருக்கைக்கு முன்னால் தரையில் வைக்கும் பெட்டி. அதன் கை பிரேக் பெடலைக் கவ்வியிருக்கும். வேகம் குறைவதை உணர்ந்ததும் தானே மிதிக்கும். எந்தக் காரிலும் வைக்கலாம், எடுக்கலாம். இன்னொன்று காரிலேயே நிரந்தரமாகப் பொருத்துவது. வீட்டுவண்டியின் பிரேக் காற்றழுத்தத்தில் இயங்குவது என்பதால், அதே காற்றில் ஒரு பங்கு குழாய் வழியாகக் காரின் பெடலுக்கும் போகும். முன்னால் மிதிக்கும் அளவுக்கே பின்னாலும் மிதிபடும். எதுவானாலும் ஒரு கம்பிக்கயிறு கட்டாயம்: இணைப்பு அறுந்து கார் தனியே போனால் கயிறு பிடுங்கப்பட்டுப் பிரேக் தானாக விழ வேண்டும்.

"பெட்டியே போதும், பஸ் டிரைவரம்மா," என்றார் எதிர் வண்டிக்காரரான மெர்ல் டெக்கர். டெக்சாஸ்காரர், வாய் ஓயாதவர், கொடுப்பதிலும் தாராளம். "என்கிட்ட ஒண்ணு இருக்கு. ஒரு நாள் வெச்சு ஓட்டிப் பாருங்க. பிடிக்கலன்னா நான் என் தொப்பியைத் தின்னுடறேன்."

"அந்தத் தொப்பியா? உங்க வயித்துக்கு ஆகாது," என்றார் லோர்னா. பெட்டியை வாங்கிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை சோதனை ஓட்டம். மெர்ல் கொடுத்த கையேட்டை லோர்னா முந்தைய நாளே படித்துக் காட்டியிருந்தார். ஏழு படிகளையும் டுவைட் மனப்பாடமாகச் சொன்னார். லோர்னா முன்னால் டயர்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, டுவைட் ஜீப்புக்குள் குனிந்து பெட்டியைப் பொருத்தினார். வீட்டுவண்டிக்காரர்களிடையே எழுதப்படாத விதி ஒன்று உண்டு: வண்டி பூட்டுகிறவனிடம் யாரும் பேசக் கூடாது. மெர்லுக்கும் அது தெரியும். ஆனால் தம் பெட்டி முதன்முதலாக வேறு ஒருவர் காரில் ஏறுவதைப் பார்க்கும் ஆசையில் பக்கத்தில் வந்து நின்றார். நின்றவர் சும்மா இருக்க முடியாமல் தம் முழங்கால் அறுவைக் கதையைத் தொடங்கினார். ஓட்டுநர் இருக்கையில் ஏறிய லோர்னா அதைப் பக்கக் கண்ணாடியில் பார்த்தார். டுவைட்டின் வாய் உரையாடுவதையும் கை வேலை செய்வதையும் பார்த்தார்.

ஐந்து மைல் போனதும் ஒரு பெட்ரோல் நிலையத்தின் ஓரத்தில் நிறுத்தினார். ஓட்டும்போது எந்த வித்தியாசமும் தெரியவில்லை. பதினான்கு டன் வண்டிக்குப் பின்னால் வரும் கார் முனகினாலும் முன்னால் கேட்காது. எனினும் முதல் ஐந்து மைலில் இறங்கிப் பார்ப்பது பேருந்துக் காலத்துப் பழக்கம். இறங்கியதும் காட்டமான நெடி மூக்கைத் தாக்கியது. இறைச்சி சுடும்போது சூடு பார்க்க டுவைட் வைத்திருந்த துப்பாக்கி வடிவ வெப்பமானியை லோர்னா ஜீப்பின் முன்சக்கரங்களை நோக்கிப் பிடித்தார். இடது முந்நூற்று நாற்பது டிகிரி ஃபாரன்ஹீட். வலது முந்நூற்று ஐம்பத்திரண்டு.

"எவ்வளவு?" என்றார் டுவைட்.

"உன் இறைச்சி கருகியிருக்கும்."

டுவைட் பெட்டியைக் குறை சொல்லவில்லை. ஓரப் பார்வைக்காகத் தலையைச் சற்றுச் சாய்த்து ஜீப்பைப் பார்த்தார். "நாலாவது படி," என்றார் மெதுவாக. "இன்ஜினை அணைச்சிட்டு, பெடல் கல்லு மாதிரி ஆகுற வரைக்கும் அஞ்சாறு தடவை மிதிக்கணும். அதுக்கப்புறம்தான் பெட்டிய மாட்டணும். மெர்ல் முழங்கால்னு ஆரம்பிச்சான். நான் மூணுலேர்ந்து அஞ்சுக்குப் போயிட்டேன்."

மிதிப்பதை எளிதாக்க இன்ஜின் பெடலுக்குத் தரும் சக்தி வடியாததால், பெட்டியின் கை லேசாகச் சாய்ந்திருந்ததே பிரேக்கைப் பிடித்து வைக்கப் போதுமாயிற்று. ஐந்து மைலும் ஜீப் பிரேக் போட்டபடியே இழுபட்டு வந்திருக்கிறது. மலைச்சரிவில் இது நடந்திருந்தால் பிரேக் எரிந்தே போயிருக்கும். சக்கரம் ஆறும் வரை ஒரு மணி நேரம் அங்கேயே காபி குடித்தார்கள்.

"இனி நீயே பூட்டிக்கோ," என்றார் டுவைட். "கொலராடோவுக்கு வேற ஜோடியப் பார்த்துக்கச் சொல்லி எழுதிடு. ஓட்டவும் முடியாது, பூட்டவும் முடியாதுன்னா நான் என்ன? இந்த வண்டில ஏத்துற சாமான்ல ஒண்ணு."

"சாமான் இவ்வளவு காபி குடிக்காது."

"விளையாடாத, லோர்னா."

"விளையாடல. முப்பத்தோரு வருஷம் ஒத்தையா ஓட்டினேன், ஒத்தையா பூட்டினேன், ஒத்தையா பெருக்கினேன். எல்லாத்தையும் ஒருத்தி செஞ்சா அதைச் சரிபார்க்க ஆள் இல்ல. எனக்கு ரெண்டாவது ஆள் வேணும். நீ தப்புப் பண்ணின, நான் பிடிச்சேன். அதுக்குத்தான் ரெண்டு பேர்."

மாலை லோர்னா பெட்டியைத் துடைத்து மெர்லிடம் கொடுத்தார்.

"எப்படி இருந்துச்சு?"

"நல்ல பெட்டி. எங்களுக்குச் சரிவராது. தொப்பியைத் தின்ன வேண்டாம்."

முழங்கால் கதையைப் பற்றி லோர்னா வாய் திறக்கவில்லை. டுவைட்டே திறந்தார், நாற்காலிக் கூட்டத்தின் நடுவில், நான்காம் படி முதல் சக்கரச் சூடு வரை, ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். மெர்ல் அன்று முதன்முறையாக ஒரு குவளை முடியும் வரை வாய் திறக்காமல் இருந்தார்.

அன்று நோட்டில் கேள்வி மாறியது. எந்தக் கருவி நன்றாக நிறுத்தும் என்பது முன்பு எழுதியது, இரண்டுமே நிறுத்தும். எதைக் கண் உதவியின்றி, நடுவில் யார் பேசினாலும், கையால் மட்டுமே சரியாகப் பூட்ட முடியும் என்பது இப்போது எழுதியது. திங்களன்று மேசா நகரில் ஒரு பட்டறைக்குப் போனார்கள். அதை நடத்திய கான்சுவெலோ ரியோஸ் காற்றுக்குழாய் அமைப்பை மேசைமேல் பரப்பி வைத்தார்.

"தப்பா மாட்ட முடியுமா?" என்று கேட்டார் லோர்னா.

"முயற்சி பண்ணிப் பாருங்களேன்."

லோர்னா பொருள்களை டுவைட் பக்கம் தள்ளினார். டுவைட் கண்ணை மூடிக்கொண்டார். குழாயின் முனையை விரல்களால் தடவினார். அழுத்தியதும் சொடுக்கென்று பூட்டிக்கொண்டது. மின்கம்பியின் செருகியில் ஒரு பள்ளம் இருந்தது. அது ஒரே வாட்டத்தில்தான் நுழைந்தது. கம்பிக்கயிற்றின் கொக்கியை வளையத்தில் மாட்டிச் சுண்டி இழுத்தார்.

"மூணே மூணு," என்றார் கண்ணைத் திறந்து. "நாலாவது படி எங்க?"

"இதுல இல்ல. பெடல் வேலையெல்லாம் உள்ளயே முடிஞ்சிருக்கும்," என்றார் கான்சுவெலோ. "காற்று போகுதா இல்லையான்னு முன்னால ஓட்டுறவங்களுக்கு ஒரு சின்ன விளக்கு காட்டும். மிதிச்சா எரியணும், விட்டா அணையணும்."

லோர்னா குறைகளையும் எழுதினார். விலை பெட்டியைவிட அதிகம். நாளை ஜீப்பை மாற்றினால் மறுபடியும் பட்டறைக்கு வர வேண்டும். எழுதி முடித்துக் கீழே கோடு இழுத்து, "இதைப் போட்டுடுங்க," என்றார்.

மே மாதம் முதல் வாரத்தில் அவர்கள் கிளம்பினார்கள். யாராவது புறப்பட்டால் வேடிக்கை பார்க்க நாற்காலிகள் வருவது அந்தப் பூங்காவின் வழக்கம். மெர்லும் வந்தார், இருபதடி தள்ளி நாற்காலியைப் போட்டு, உதடுகளை விரல்களால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். டுவைட் கம்பியைப் பூட்டினார். குழாய், செருகி, கயிறு. ஒவ்வொன்றையும் சுண்டிப் பார்த்தார். லோர்னா மிதித்தார், விட்டார். சிறு விளக்கு எரிந்தது, அணைந்தது. டுவைட் கட்டைவிரலை உயர்த்திவிட்டுத் திரும்பினார்.

"சரி மெர்ல், இப்பச் சொல்லு. முழங்கால் எப்படி இருக்கு?"

"கேப்பேன்னுதான் காத்திருந்தேன்," என்று மெர்ல் தொடங்கினார். அவர்கள் இருபது நிமிடம் தாமதமாகப் புறப்பட்டார்கள்.

நான்காம் நாள் பிற்பகல் கணவாயின் உச்சிக்கு வந்தார்கள். சாலையோரத்தில் பனி இன்னும் மீதமிருந்தது. லோர்னா கியரைக் குறைத்து, இன்ஜினின் பிடியிலேயே வண்டியை இறக்கினார். வேகம் கூடியபோதெல்லாம் ஒரு முறை அழுத்தமாக மிதித்து விட்டார். விளக்கு எரிந்து அணைந்தது. பின்னாலிருந்து யாரும் தள்ளவில்லை.

சரிவின் பாதியில், வண்டிகள் ஒதுங்கும் இடத்தில் நிறுத்தினார். வெப்பமானியை எடுக்கக் கை நீட்டியபோது அது அங்கே இல்லை. டுவைட் முன்பே இறங்கிவிட்டிருந்தார். லோர்னா பின்னால் போய்ப் பார்க்கையில், வெப்பமானியைச் சட்டைப் பையில் செருகியபடி, அவர் ஜீப்பின் நான்கு சக்கரங்களின் அருகிலும் புறங்கையைக் கொண்டுபோய்ப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மிதமான சூடு. நாலும் ஒண்ணு போல. துப்பாக்கில நம்பர் என்ன வருதுன்னு நீ படி."

லோர்னா படித்தார். நூற்று நாற்பதை ஒட்டி நான்கும் நின்றன. நோட்டைத் திறந்து தேதியும் இடமும் எழுதி, எண்களைக் குறித்தார். அந்தப் பக்கத்தின் மேல் ஓரத்தில் ஓட்டியவர், பூட்டியவர் என்று இரண்டு கட்டங்கள் போட்டிருந்தார். முதல் கட்டத்தில் தம் பெயரை எழுதிவிட்டு, பேனாவை டுவைட்டின் விரல்களுக்கிடையில் வைத்து, அவர் கையை இரண்டாவது கட்டத்துக்குக் கொண்டுபோனார்.

"கையெழுத்து கோணலா வரும்," என்றார் டுவைட்.

"கண்ணு நல்லா இருந்தப்பவும் அப்படித்தான் வந்துச்சு. போடு. முகாமுக்கு இன்னும் நாலு மைல் இருக்கு."