வேடியப்பனையும் கூட்டிக்கொண்டு வேலூருக்கு

என் கணவருக்கு இதயத்தில் ஒரு வால்வு சரியில்லை என்று வேலூர் ஆஸ்பத்திரியில் சொன்னபோது, மலையில் புளி உலுக்க ஆரம்பித்திருந்தார்கள். மரம் ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று முந்தைய வருஷமே அவர் சொன்னார். நாங்கள்தான் தூசி என்று நினைத்துவிட்டோம். ஆபரேஷன் செய்துகொண்டால் நன்றாக இருக்கலாம், தள்ளிப்போடக் கூடாது என்றார் டாக்டர். அங்கேயே தேதி வாங்கிவிடலாம் என்றேன் நான்.

"வூட்டுக்குப் போய்ட்டு, சாமியக் கேட்டுட்டு வர்றோம் சார்" என்றார் இவர்.

டாக்டர் இதைப் பலரிடம் கேட்டுப் பழகியிருக்க வேண்டும். "சீக்கிரம் கேளுங்க" என்று மட்டும் சொன்னார்.

நான் திருப்பத்தூர் பக்கத்துக்காரி. பள்ளிக்கூட வேலைக்காக மலைக்கு வந்தவள், இவரைக் கட்டிக்கொண்டு காவலூருக்குப் பக்கத்து ஊரிலேயே தங்கிவிட்டேன். பிறந்த வீட்டில் பெருமாள். புரட்டாசி முழுக்கக் கவுச்சி கிடையாது. சனிக்கிழமை தளிகை போட்டு கோவிந்தா சொல்லிவிட்டுத்தான் சாப்பிடுவோம். சாமி என்றால் எனக்குப் படம், விளக்கு, கோயில், மணி. வேண்டிக்கொள்வேன். பதிலுக்குக் காத்து நின்றதில்லை.

இவர் வீட்டில் காத்து நிற்பார்கள். இவர்களுடைய சாமி வேடியப்பன். ஓடைக்கு மேலே மரத்தடியில் நட்டு வைத்த ஒரு பலகைக் கல்தான் அது. வில் பிடித்த ஓர் ஆள் அதில் பாதி தேய்ந்து தெரிவார். கூரை கிடையாது. மழையும் வெயிலும் அவர் மேல்தான். பூசாரி என் மாமனாரின் தம்பி. மற்ற நாளில் சாமை பயிரிடுகிற விவசாயி. அவருக்கு மந்திரம் ஒன்றும் தெரியாது. குளித்துவிட்டு வந்து கல்லைக் கழுவி, மஞ்சள் பூசி, பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுகிற மாதிரி பேசுவார். பெண் எடுப்பது, நிலம் வாங்குவது, போர் போடுவது எதுவானாலும் கல்லின் தலைமேல் இரண்டு ஓரத்திலும் ஈரப் பூ வைத்துக் கேட்பார்கள். சாமிக்கு வலது பக்கம் விழுந்தால் சம்மதம். இடது பக்கம் விழுந்தால் வேண்டாம்.

செவ்வாய்க்கிழமை காலையில் போனோம். பூசாரி மாமா பூ வைத்துவிட்டு, "புள்ளைக்கு நெஞ்ச அறுக்கணும்ன்றாங்க. போலாமா வேணாமா, சொல்லு" என்றார். கேட்டு வாய் மூடவில்லை, இடது பக்கப் பூ விழுந்துவிட்டது. இவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடக்க ஆரம்பித்தார்.

வீட்டுக்கு வந்ததும் சண்டை.

"இன்னாங்க இது? அப்ப டாக்டர் சொன்னது பொய்யா?"

"அதுவும் நெஜம்தான், இதுவும் நெஜம்தான். டாக்டர் என்னிய போன வாரந்தான் பாத்தாரு. சாமி நான் பொறந்ததுலேர்ந்து பாத்துக்கினு இருக்குது."

மாத்திரையை மட்டும் தவறாமல் போட்டார். பிடிவாதமோ முட்டாள்தனமோ இல்லை. சாமி வேண்டாம் என்று சொன்ன பிறகு போய்ப் படுத்தால் ஆபரேஷன் மேசையிலேயே உயிர் போய்விடும் என்று உண்மையாகவே பயந்தார். அந்தப் பயத்தோடு அவரை இழுத்துக்கொண்டு போக எனக்கும் மனசில்லை. பெருமாளிடம் அழுதேன். ஆனால் பெருமாள் சொல்லி இவர் கேட்கப் போவதில்லை.

இரண்டு மூன்று நாள் கழித்து மாமாவைத் தேடிப் போனேன். களத்தில் சாமையைக் கிளறிக் காய வைத்துக்கொண்டிருந்தார்.

"ஒரு சந்தேகம் மாமா. சாமி ஆஸ்பத்திரிக்குப் போகவே வேணான்னு சொல்லிச்சா, இல்ல தன்ன விட்டுட்டுப் போக வேணான்னு சொல்லிச்சா?"

தந்திரமாகக் கேட்கவில்லை. காலையில் பாத்திரம் தேய்க்கும்போது அப்படித் தோன்றியது, கேட்டேன். அவர் காலால் தானியத்தைத் தள்ளிக்கொண்டே கொஞ்ச நேரம் போனார், வந்தார்.

"வூட்ல பெரியவங்கள வுட்டுட்டு வெளியூர் போனா கோவம் வரத்தாம்மா செய்யும்" என்றார். "நானும் கூப்புடலியே. போலாமான்னுதானே கேட்டேன். அடுத்த செவ்வாக்கெழம வாங்க."

இந்த முறை மாமா பூ வைத்துவிட்டு, "வேலூருக்குப் போறோம். நீயும் வரணும். வர்றியா?" என்றார். பூ விழவில்லை. ஓடைச் சத்தம் மட்டும் கேட்டது. இவர் கைகூப்பியபடி நின்றார். மாமா மறுபடி கேட்கவில்லை, அதட்டவும் இல்லை. எனக்குக் கால் கடுத்துப்போன பிறகு வலது பக்கப் பூ மெல்லச் சரிந்து விழுந்தது. காற்று அடித்ததா என்று நான் பார்க்கவில்லை. இவர் அப்படியே மண்ணில் குப்புற விழுந்து கும்பிட்டார். எழுந்தபோது முகமே மாறியிருந்தது.

கல்லடியிலிருந்து ஒரு பிடி மண்ணை மஞ்சள் துணியில் முடிந்து, மாமாவே தூக்கிக்கொண்டு எங்களோடு பஸ்ஸில் வந்தார். சாமி கையில் இருக்கிறது என்று செருப்புப் போடவில்லை. வேலூர் தார் ரோட்டில் குதித்துக் குதித்து நடந்தார். ஆபரேஷன் அறைக்குள் துணி முடிச்சு போகக் கூடாது என்று நர்ஸ் தன்மையாகச் சொன்னாள். "பரவால்ல, அது வெளியவே உக்காந்திருக்கும்" என்று அதை என் மடியில் வைத்தார் மாமா. நான் அந்த மண்ணைப் பிடித்துக்கொண்டு கோவிந்தா கோவிந்தா என்று சொல்லிக்கொண்டிருந்தேன். எனக்கு வாயில் வந்தது அதுதான். மாமா காதில் விழுந்தது. தலையை ஆட்டிக்கொண்டார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஊர் திரும்பியதும் மண்ணை எடுத்த இடத்திலேயே போட்டு, பொங்கல் வைத்து, சேவல் அறுத்தார்கள். இவர் இப்போது மரம் ஏறுவதில்லை. கீழே நின்று பொறுக்குகிறார்.

பிறகுதான் தெரிந்தது, என் அம்மா யாரிடமும் சொல்லாமல் மருமகனுக்குத் திருப்பதியில் மொட்டை வேண்டியிருந்தாள் என்று. இவர் மறுக்கவில்லை. மாமாவும் வருகிறேன் என்று கிளம்பினார். வரிசையில் பாதி நாள் நின்றோம். சன்னிதியில் ஒரு கணம்தான், தள்ளிவிட்டார்கள்.

வெளியே வந்து லட்டைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டே மாமா, "இன்னாம்மா, ஒரு வார்த்தகூட பேச வுடல?" என்றார்.

"இங்க பாக்குறதுதான் மாமா" என்றேன்.

"அது சரி. எவ்ளோ ஜனம் வருது, பாவம், அவுரும் இன்னா செய்வாரு" என்றார்.