ரொட்டி மேல ஊத்துன பால்கறி

எங்க பக்கத்துல ரொட்டி வாங்கினா வீட்டுல யாருக்கோ காய்ச்சல்னு அர்த்தம். நான் சொல்லுறது எண்பதுகள்ல. ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்துப் பேக்கரியில போயி நின்னா, கடைக்காரர் ரொட்டிய எடுக்கிறதுக்கு முந்தியே, "யாருக்கும்மா முடியல?"ன்னு கேப்பார். வன்னியம்பட்டியில பஸ்ஸ விட்டு இறங்கினா, கையில இருக்கிற பொட்டலத்தப் பாத்து இன்னும் நாலு பேரு அதையே கேப்பாங்க. என் வீட்டுக்காரர் பட்டாளத்துல இருந்து லீவுல வந்தா எனக்கு இந்த ரோதன. கிண்ணுனு ஒரு மனுசன் வீட்டுல உக்காந்திருக்க, என் மாமியாருக்குக் காய்ச்சல்னு பொய் சொல்லிக்கிட்டு வருவேன். வேற என்ன சொல்ல?

அந்த ரொட்டிக்கு ஒரு கத உண்டு. அவிய பட்டாளத்துல சேந்த முதல் குளிர்காலம். பனிமல. வீட்டு நெனப்பு தாங்காம ரெண்டு நாளாச் சோறு இறங்காமக் கெடந்தாவளாம். மெஸ்ல இருந்த வயசான சமையக்காரர் ஒரு தட்டக் கொண்டாந்து மடியில வச்சாராம். சுட்ட ரொட்டி, அதுக்கு மேல கொத்துக்கறியப் பால்ல கொழகொழன்னு காச்சி ஊத்தினது. வெள்ளக்காரன் காலத்துல மாட்டுக்கறியில செஞ்சதாம், இவிய மெஸ்ல ஆட்டுக்கறி. "அதத் தின்னு முடிச்ச பொறவுதான், சரி, இங்கன இருந்துருவோம்னு தோணுச்சு"ம்பாவ. அதுல இருந்து எந்த ஊருக்கு மாத்தினாலும் குளிருக்கு அதுதான் அவியளுக்குத் தெம்பு.

ஒவ்வொரு லீவுலயும் ஒரு நா அவியளே அடுப்புப் பக்கம் வந்துருவாவ. வெண்ணெயில மைதாவ வறுத்து, பால ஊத்திக் கிண்டி, வெந்த கொத்துக்கறியக் கொட்டி, மிளகுத்தூளத் தூவுவாவ. மஞ்சள் கெடயாது, மிளகாப்பொடி கெடயாது. எங்க ஊருல பாலச் சுண்டக் காச்சுனா சீனியப் போட்டுப் பால்கோவா கிண்டுவாங்க. கறியப் போடுறத எவ பாத்தா? பாலும் கறியும் சேந்தா ஒடம்புல வெள்ளத் தழும்பு விழும்னு சொல்லக் கேட்டு வளந்தவ நான். முந்தானையால மூக்கப் பொத்திக்கிட்டு வெளிய போயிருவேன்.

உண்மையச் சொன்னா எனக்குப் பால்மேலயும் கோவமில்ல, கறிமேலயும் கோவமில்ல. வருசத்துல பத்து மாசம் அங்க, ரெண்டு மாசம் இங்க. அந்த ரெண்டு மாசத்துலயும் நெனப்பு அங்கதானா? நான் வைக்கிற குழம்பு எறங்கலையா? வயித்தெரிச்சல். வேற ஒண்ணுமில்ல.

கடைசியா வந்த லீவுல, கெளம்புறதுக்கு மொத நாள் மத்தியானம், பெட்டிய அடுக்கிக்கிட்டே சொன்னாவ. "ஏட்டி, ஒரே ஒரு தடவ அத நீ செஞ்சு குடேன். உன் கையால தின்னுட்டுப் போறேன்."

"அம்புட்டு ஆசையா இருந்தா அங்க போயித் தின்னுங்க. என் அடுப்புல அது ஏறாது"ன்னேன்.

சிரிச்சாவ. சரி, சோத்தப் போடுன்னாவ. போட்டேன். மறுநா ரயிலேறிப் போனாவ.

நாலு மாசம் கழிச்சுத் தந்தி வந்துச்சு. மலப்பாதையில லாரி உருண்டுருச்சு. அங்கனயே எரிச்சுட்டாங்க. அஸ்தியையும் அவிய பெட்டியையும் கூட வேல பாத்த ஒரு தம்பி கொண்டாந்தான். தென்காசிப் பக்கத்துப் பையன். என்ன மதினின்னு கூப்பிட்டான். பதினாறு முடியட்டும்னு ராஜபாளையத்துல அவன் சொந்தக்காரங்க வீட்டுல தங்கியிருந்தான்.

பதினாறு கழிஞ்சதும், செத்தவங்களுக்குப் பிடிச்சதச் செஞ்சு படைக்கிறது எங்க வழக்கம். என் மாமியார் ஒண்ணொண்ணாச் சொல்லிக்கிட்டு வந்தாவ, ஈரல் வறுவல், வெடக்கோழிக் குழம்பு, பணியாரம்னு. நான், "ரொட்டிக்கறி"ன்னேன். மாமியார் என் மூஞ்சியப் பாத்தாவ. "செய்யி"ன்னாவ.

பேக்கரிக்கு நானே போனேன். கடைக்காரர் வழக்கம்போல, "யாருக்கும்மா முடியல?"ன்னார். ரொட்டிய வாங்கிட்டுத் திரும்பிட்டேன்.

அடுப்பு முன்னால உக்காந்தப்பதான் தெரிஞ்சது, எனக்கு அளவு, பக்குவம் ஒண்ணுமே தெரியல. மாவு எம்புட்டு, பால் எம்புட்டு, எம்புட்டு நேரம் கிண்டணும்? இத்தன வருசம் மூஞ்சியத் திருப்பிக்கிட்டு வெளிய போனவளுக்கு எப்படித் தெரியும்? ஏதோ கிண்டினேன். கட்டி கட்டியா வந்துச்சு. படையலுக்குச் செய்யிறத ருசி பாக்கக் கூடாது, அதனால நாக்குல வைக்கல. போட்டோ முன்னால இலையில வச்சேன். சாம்பிராணிப் பொகையில பால்கறி வாசம். அன்னைக்கு நான் மூக்கப் பொத்தல.

படைச்ச பொறவு அந்தத் தம்பிக்குத்தான் முதல்ல வச்சேன். வேற எவரும் அதத் தொடல. ரெண்டு துண்டு ரொட்டியையும் வழிச்சுத் தின்னான். "நல்லா இருக்கு மதினி"ன்னான். பொறவு தலையக் குனிஞ்சுக்கிட்டே சொன்னான்: "போன லீவு முடிஞ்சு வந்ததும் அண்ணன் முகாம்ல எல்லாருகிட்டயும் சொன்னாரு. இந்தத் தடவ என் வீட்டுக்காரி அவ கையாலயே ரொட்டிக்கறி செஞ்சு குடுத்தா, ரெண்டு தட்டு தின்னேன்னு. உப்பு கொஞ்சம் தூக்கல், அவகிட்ட நான் சொல்லலன்னு சொல்லிச் சிரிச்சாரு."

நான் அடுக்களைக்குள்ள போயிட்டேன். அப்படி எதையும் நான் செஞ்சு குடுக்கலன்னு அந்தப் பையன்கிட்ட சொல்ல எனக்குத் தைரியம் வரல. சட்டியில ஒட்டியிருந்தத விரலால வழிச்சு வாயில வச்சேன். ஒரு கல்லு உப்பில்ல. போடவே மறந்திருக்கேன். அதையா அவன் நல்லா இருக்குன்னு தின்னான்?

நான் செஞ்சு குடுத்திருந்தா அவியளும் அப்படித்தான் ஒரு கொறையும் சொல்லாமத் தின்னிருப்பாவ. ஒரு தட்டு. அடுப்பு எரிஞ்சுக்கிட்டுதான் இருந்துச்சு, வீட்டுல பாலும் இருந்துச்சு. செஞ்சு குடுத்திருக்கலாம், பாவி.