கிடாருக்கு விட்ட இடம்

குருசாமி சர்பத்தை முகர்ந்து பார்க்கிறார். டம்ளரை டியூப்லைட் பக்கம் தூக்கி, அடியில் ஏதாவது தங்கியிருக்கிறதா என்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்கிறார். பிறகு அதைக் கீபோர்டு வாசிக்கும் கந்தப்பனிடம் நீட்டுகிறார். "மொதல்ல நீ குடி. கொஞ்ச நேரம் போகட்டும், நாங்க குடிச்சுக்கறோம்." கந்தப்பன் மறுபேச்சில்லாமல் குடிக்கிறார். இத்தனை வருடத்தில் அவருக்கு ஒன்றும் ஆனதில்லை.

"செந்தூரத்தக் கலக்கிக் குடுத்துட்டாங்கன்னா தொண்டை கட்டிக்குமுங்க. ஆயுசுக்கும் பாட முடியாது. நம்ம மேல கண்ணு வெச்சிருக்கறவன் எத்தன பேருன்னு உங்களுக்குத் தெரியாதுங்க" என்கிறார் என்னிடம். குருசாமி பாடுவதில்லை. டிரம்ஸ் வாசிக்கிறவர்.

பகலில் அவர் வேலம்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். சாயப்பட்டறையிலிருந்து வந்து இறங்கும் துணியை எச்சில் தொட்ட கட்டைவிரலால் தேய்த்து, சாயம் விரலில் ஏறுகிறதா என்று பார்க்காமல் கத்தரிக்கு விடமாட்டார். அந்தப் பழக்கம் வேலை நேரத்தோடு நிற்பதுமில்லை. என்னை முதலில் பார்த்த அன்று, என் புதுச்சட்டையின் காலரைத் தேய்த்துப் பார்த்துவிட்டு, "ரெண்டு தண்ணிக்கு மேல தாங்காதுங்க" என்றார். அவர்களுடைய குழுவைப் பற்றிப் பத்திரிகையில் எழுத வந்திருக்கிறேன் என்றதும் முகம் இன்னும் இறுகிவிட்டது. எழுதச் சொல்லி யார் அனுப்பினார்கள், அவர்களுக்கு இதில் என்ன கிடைக்கும், எல்லாம் கேட்டார். என் பதில்களில் ஒன்றையும் அவர் நம்பியதாகத் தெரியவில்லை. இருந்தாலும் கூடவே வரவிட்டார். தூரத்தில் இருப்பவனைவிடப் பக்கத்தில் இருப்பவனைக் கண்காணிப்பது சுலபம் என்று நினைத்திருக்கலாம்.

குழுவின் பெயர் காட்டன் பாய்ஸ். எண்பத்து மூன்றில் ஒரே கம்பெனியில் வேலை செய்த நான்கு இளவட்டங்கள் சேர்ந்து ஆரம்பித்தது. சென்னியப்பன் பாட்டு, கந்தப்பன் கீபோர்டு, குருசாமி டிரம்ஸ், சர்ச்சில் வாசித்துப் பழகிய செல்வக்குமார் கிடார். வெள்ளை பெல்பாட்டமும் சிவப்புத் தொப்பியும் போட்டுக்கொண்டு, ஊரில் எல்லோரும் சினிமாப் பாட்டு பாடிக்கொண்டிருந்தபோது இவர்கள் சொந்தமாகப் பாட்டுக் கட்டினார்கள். கேசட் கூடப் போட்டார்கள். அதில் முதல் பாட்டு, "சனிக்கிழமை சாயங்காலம், சந்தெல்லாம் சென்ட் வாசம்" என்று ஆரம்பிக்கும். செல்வக்குமார் போட்ட மெட்டு.

திருப்பூரில் சனிக்கிழமை சம்பள நாள். வாரம் முழுக்க பஞ்சு தூசியில் கிடந்தவர்கள் குளித்து, சென்ட் அடித்துக்கொண்டு தெருவுக்கு வரும் நாள். அந்தப் பாட்டைப் பாடினவர்களுக்குத் தொப்பை விழுந்துவிட்டது. கேட்டவர்களுக்குப் பேரன் பேத்தி வந்துவிட்டார்கள். ஆனால் மதுரைப் பக்கத்திலிருந்து போன மாதம் வந்து இறங்கிய பையனுக்கும் சனிக்கிழமை வரத்தானே செய்கிறது? அவனும் அதையே பாடுகிறான். இப்போது, இரண்டாயிரத்து எட்டில், எஃப்எம்மில் அந்தப் பாட்டு வருகிறது. தையல் மிஷின் வரிசையில் யாருடைய செல்போன் அடித்தாலும் அதுதான் அடிக்கிறது.

இதெல்லாம் குருசாமிக்குப் பெரிய கவலை. செல்போனுக்குள் பாட்டை ஏற்றியது யார் என்று விசாரித்துக்கொண்டே இருக்கிறார். யாராவது வந்து கையைப் பிடித்துப் பாராட்டினால், அவன் போன பிறகு, "தங்கச்சி கல்யாணத்துக்கு ஓசியில வாசிக்கக் கூப்புடுவான், பாருங்க" என்கிறார். ஒரு கச்சேரியில் பீகார்க்காரப் பையன்கள் சிலர் மேடைக்கு முன்னால் ஆடிக்கொண்டே பல்லவியைப் பிழையில்லாமல் பாடினார்கள். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. குருசாமி தாளத்தை விடாமல், மேடையோரம் நின்றிருந்த என் பக்கம் சாய்ந்து, "பாசையே தெரியாதவனுக்கு எதுக்குங்க இது புடிக்கோணும்?" என்றார்.

மேடையில் சென்னியப்பனுக்கு வலது கைப்பக்கம் ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு எப்போதும் வெறுமையாக இருக்கும். கேசட்டில் கிடாரில் ஆரம்பிக்கும் பாட்டைக் கந்தப்பன் கீபோர்டில்தான் ஆரம்பிக்கிறார். கிடார் ஏன் இல்லை என்று குருசாமியிடம் கேட்டேன். கிடார் வாசிக்கிறவர்கள் ரேட் அதிகம் கேட்கிறார்கள் என்றார். இன்னொரு நாள் கேட்டபோது, அதற்கென்று தனி ஆம்ப்ளிஃபயர் தூக்க வேண்டியிருக்கிறது என்றார். மூன்றாவது தடவை, கிடார்க்காரன் எல்லாம் மைனர்கள், குழு உருப்படாது என்றார். சந்தேகம் தொற்றிக்கொள்ளும் போலிருக்கிறது. எனக்கும் அது வந்துவிட்டது.

அப்புறம்தான் அந்த ஆளைக் கவனித்தேன். நான் போன எல்லாக் கச்சேரியிலும் இருந்தார். இடது பக்க ஸ்பீக்கரை ஒட்டி, கையைக் கட்டிக்கொண்டு, ஒல்லியாக, நரைத்த மீசையோடு நிற்பார். கைதட்டமாட்டார். தலையாட்டமாட்டார். கடைசிப் பாட்டு முடிந்ததும் போய்விடுவார். மஃப்டி போலீஸ் என்றுதான் முதலில் நினைத்தேன். குருசாமியிடம் கேட்டதும் அவர் குச்சியைக் கீழே வைத்தார்.

"அவன் பாட்டுக் கேக்க வர்லீங்க" என்றார்.

அன்று டீக்கடை பெஞ்சில், யாரும் பக்கத்தில் இல்லை என்று பார்த்துக்கொண்டு சொன்னார். அந்த மனிதர் பெயர் பெரியகருப்பன். அருப்புக்கோட்டைப் பக்கம். அயர்ன் மாஸ்டர். தங்கை விஜயராணியைக் கூட்டிக்கொண்டு பிழைக்க வந்தவர். விஜயராணி இவர்கள் கம்பெனியில்தான் செக்கிங்கில் இருந்தாள். அவளுக்கும் செல்வக்குமாருக்கும் பழக்கமாகிவிட்டது. வேறு சாதி, வேறு சாமி. எண்பத்தொன்பதில் ஒருநாள் இருவரும் ஊரை விட்டுப் போய்விட்டார்கள். பஸ் ஏற்றி விட்டது குருசாமி. மூலனூரில் தன் சொந்தக்காரர் ஒருவர் வீட்டில் தங்க வைத்ததும் அவர்தான். மறுநாள் பெரியகருப்பன் ஆட்களோடு வந்து டிரம்ஸ் தோலைக் கத்தியால் கிழித்துவிட்டுப் போனார். அடுத்த கச்சேரியிலிருந்து இடது ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நிற்க ஆரம்பித்தார்.

"என்னைக்காச்சும் செல்வக்குமாரு மேடைக்கு வருவான்னுதானுங்க நிக்கறான். வந்தா முடிச்சுப்போடுவான்."

செல்வக்குமார் இன்றும் மூலனூர் முருங்கை மார்க்கெட்டில் எடை போட்டுக்கொண்டிருக்கிறார். குருசாமி தாராபுரம் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு அவ்வப்போது போய்ப் பார்த்து வருகிறார். அங்கே போகும்போதெல்லாம், திருப்பூர்ப் பக்கம் தலைவைத்துப் படுக்காதே என்று சொல்லிவிட்டு வருவார்.

இருபத்தைந்தாவது வருடக் கச்சேரியை வேலம்பாளையம் மாரியம்மன் பொங்கலில் வைத்துக்கொள்ளலாம் என்று விழாக் கமிட்டி சொன்னது. நான்கு பேரும் ஒரே மேடையில் நிற்க வேண்டும் என்றும் கேட்டது. சென்னியப்பன் அதற்கு மிகவும் ஆசைப்பட்டார். செல்வக்குமாரிடமே போனில் பேசிவிட்டார். வயதாகிவிட்டது, இனி எத்தனை நாள் ஒளிவது, வருகிறேன் என்றாராம் செல்வக்குமார். விஜயராணி அண்ணனைப் பார்க்க வேண்டும் என்று கேட்க ஆரம்பித்துப் பல வருடம் ஆகிறதாம். இதைக் கேள்விப்பட்ட குருசாமி சென்னியப்பனோடு இரண்டு வாரம் பேசவில்லை. செல்வக்குமாரை மூலனூருக்கே போய்த் திட்டிவிட்டு வந்தார். வரக்கூடாது என்றால் வரக்கூடாது.

அப்போது எனக்கு ஒன்று தோன்றியது, மறைப்பானேன். கேசட் அட்டையில் நடுவில் நிற்பது செல்வக்குமார்தான். மெட்டு அவருடையது. அவர் திரும்பி வந்தால் ஜனங்கள் யாரைப் பார்ப்பார்கள்? குருசாமி பயப்படுவது பெரியகருப்பனின் கத்திக்கா, செல்வக்குமாரின் கிடாருக்கா? நேராகக் கேட்டேவிட்டேன். கோபிக்கவில்லை. "ரெண்டுக்கும்னு வெச்சுக்குங்க" என்றார்.

கச்சேரியன்று சாயங்காலம் மைதானத்தில் கால் வைக்க இடமில்லை. கட்டடச் சுவர் மேலெல்லாம் பையன்கள். கரன்ட் போய் ஜெனரேட்டர் போட்டபோதுகூட யாரும் கலையவில்லை. மேடையில் மூன்று பேர், சிவப்புத் தொப்பியோடு. குருசாமி குச்சியைத் தட்டி எண்ணிக்கை கொடுக்கும் முன்பு வழக்கம்போல இடது பக்கம் பார்த்தார். அங்கே பெரியகருப்பன் இல்லை.

முதல் பாட்டு முழுக்க அவர் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாவது பாட்டில் தாளம் தவறியது. சென்னியப்பன் திரும்பிப் பார்த்துச் சமாளித்தார். பாட்டு முடிந்ததும் குருசாமி மேடையை விட்டு இறங்கி ஜெனரேட்டருக்கு அந்தப் பக்கம் போய், செல்வக்குமாருக்குப் போன் போட்டார். வீட்டுக் கதவைச் சாத்தச் சொன்னார். யாரும் வரவில்லை அண்ணா, வாசலில் முருங்கைக்காய்தான் கிடக்கிறது என்றாராம் அவர். குருசாமிக்கு நம்பிக்கை வரவில்லை. திரும்பி வந்து மிச்சப் பாட்டுகளை வாசித்தார். சனிக்கிழமைப் பாட்டுக்கு மொத்த மைதானமும் எழுந்து கூடவே பாடியது. அவர் ஒருவர் மட்டும்தான் அதைக் கேட்கவில்லை.

மறுநாள் காலை என் வீட்டு வாசலில் நின்றார். "அவன் எங்க போயிருக்கான்னு தெரியோணுமுங்க. தனியாப் போகக் கூடாது. சாட்சிக்கு நீங்க வாங்க."

வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்று. பெரியகருப்பனின் மனைவி ராக்கம்மாள் கதவைத் திறந்து, "டிரம்ஸ் அண்ணன் வந்திருக்காக" என்று உள்ளே சொன்னாள். ஏதோ எதிர்பார்த்திருந்தவள் போலத்தான் சொன்னாள். பெரியகருப்பன் கட்டிலில் கிடந்தார். டவுன் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது விழுந்து காலில் மாவுக்கட்டு. எங்களைப் பார்த்ததும் எழ முயன்று முடியாமல் சாய்ந்துகொண்டார்.

"சத்தம் இங்கனவரைக்கும் கேட்டுச்சுண்ணே. ரெண்டாவது பாட்டுல தாளம் விட்டுப்போச்சே, ஏன்?" என்று கேட்டார்.

குருசாமி உட்காரவில்லை. கட்டிலுக்கு அடியில், தலையணை ஓரத்தில், சுவரோரத்தில் எல்லாம் கண்ணை ஓட்டிவிட்டுக் கேட்டார்: "இத்தன வருசமா எதுக்குங்க வந்து நின்னீங்க?"

பெரியகருப்பன் அவசரப்படாமல் பதில் சொன்னார். "மொதல்ல வெட்டத்தேன் வந்தேன். பொய் சொல்லக் கூடாதுல்ல. இடுப்புல சொருகிக்கிட்டுத்தேன் நிப்பேன். ரெண்டு மூணு வருசம் அப்பிடி. பெறகு எங்காத்தா செத்துப்போச்சு. சாகும்போது ராணி ராணின்னு கெடந்துச்சு. அதுக்கப்புறம் கத்திய எடுக்கல. ஆனா வராமயும் இருக்க முடியல."

"அப்பறம் எதுக்குங்க?"

"அந்த எடத்தப் பாக்கத்தேன். கிடாருக்கு விட்டுருக்கீகள்ல, அந்த எடம். அவன் செத்துக்கித்துப் போயிருந்தா வேற ஆளப் போட்டிருப்பீக. போடல. அப்ப அவன் இருக்கான். அவன் இருந்தா எந்தங்கச்சியும் எங்கனயோ இருக்கும். அதப் பாத்துட்டு வீட்டுக்கு வந்துருவேன்."

ராக்கம்மாள் அடுப்பங்கரைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பெரியகருப்பன் கேட்டார்: "ராணி நல்லா இருக்காண்ணே?"

"எனக்கு எப்புடிங்க தெரியும்?" என்றார் குருசாமி. பத்தொன்பது வருடமாகச் சொல்லிப் பழகிய பதில், யோசிக்காமலே வந்துவிட்டது.

வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொண்டோம். லைன் முனையில் பெண்கள் குடம் வைத்து வரிசையில் நின்றிருந்தார்கள். அதுவரை நடந்தவர் நின்றுவிட்டார்.

"நீங்க என்னங்க நெனைக்கறீங்க? அவன் சொன்னது நெசமா இருக்குமுங்களா?"

எனக்குத் தெரியவில்லை என்றேன். கத்தி கொண்டுவந்ததைத் தானாகச் சொன்னாரே, அழக்கூட இல்லையே என்றேன்.

"அதானுங்க. அளுதிருந்தா நம்பியிருக்கமாட்டேன்" என்று சொல்லிவிட்டு வந்த வழியே திரும்பினார்.

உள்ளே போய், பெரியகருப்பனுக்கு முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டு செல்போனில் எண்களை அழுத்தினார். மணி அடித்து யாரோ எடுத்தார்கள். "ராணி, போன வெச்சறாத. ஒருத்தரு பேசோணுமாமா" என்று தாழ்ந்த குரலில் சொன்னார். கட்டிலருகே வந்து குனிந்து, போனைப் பெரியகருப்பனின் காதில் வைத்தார். சின்ன அறை, அந்தப் பக்கத்துக் குரல் எனக்கும் கேட்டது. "யாருங்க? சொல்லுங்க, யாருங்க பேசறது?" அருப்புக்கோட்டைப் பேச்சு அந்தக் குரலில் எங்கேயும் மிச்சமில்லை. ஆனாலும் பெரியகருப்பனின் முகம் அதை உடனே அறிந்துகொண்டது.

"ஏத்தா..." என்றார். போனைத் தானே பிடித்துக்கொள்ளக் கையை உயர்த்தினார்.

குருசாமி கொடுக்கவில்லை. கட்டில் ஓரத்தில் மெல்ல உட்கார்ந்து, எண் தெரியும் கண்ணாடியைக் கட்டைவிரலால் மறைத்து அழுத்திக்கொண்டு, அவர்கள் பேசி முடிக்கிறவரை போனைத் தன் கையாலேயே அந்தக் காதோரம் பிடித்துக்கொண்டிருந்தார்.